ஆறவைத்த சோறும் கிழங்கும்: பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது?

#1 விதைநெல்

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்துக்கு, அதாவது ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சுக்கு, தனி விவாத இழை ஒன்று தேவை என்று தொடங்குகிறேன். அரிசி, உருளைக்கிழங்கு, பயறு, வாழைக்காய் மாதிரி அன்றாடப் பொருள்களிலேயே போதுமான அளவு கிடைக்கும் என்கிறது ஒரு தரப்பு. ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் பொடி வாங்காமல் நடக்காது என்கிறது இன்னொரு தரப்பு. இணையத்தில் சுற்றும் பட்டியல்களோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

தெரிய வேண்டியவை இவை. சமைத்து ஆறவைத்தால் எவ்வளவு கூடுகிறது? திரும்பச் சூடாக்கினால் எவ்வளவு மிஞ்சும்? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் இலக்கு? வயிறு உப்பாமல் அந்த அளவுக்கு எப்படிப் போவது? அளவையும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

#2 மாவுமணி

பட்டியல்கள் முரண்படுவதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல பட்டியல்கள் சமைக்காத, உலர்ந்த எடைக்கு எண் போடுகின்றன. நாம் சாப்பிடுவது வெந்த பொருள். வெந்ததும் மாவுத் துகள் நீர் குடித்து உப்பிக் கட்டவிழ்கிறது. நொதிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. ஓட்ஸ் அவலுக்குப் பெரிய எண்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஆலையிலேயே ஆவியில் வெந்து தட்டையாக்கப்பட்டது. ஓட்ஸ் நல்ல உணவுதான், ஆனால் அதில் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பீட்டா குளுக்கான் என்ற நார். ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சுக்காக அதை நம்பி இருக்க வேண்டாம்.

இரண்டாவது, அளக்கும் முறை. பரவலாகப் பயன்படும் ஏ.ஓ.ஏ.சி. 2002.02 என்ற ஆய்வக முறையில் மாதிரியை 37 டிகிரியில் 16 மணி நேரம் கணைய அமைலேஸ், அமைலோகுளுக்கோசிடேஸ் ஆகிய நொதிகளில் ஊறவைத்து, கரையாமல் மிஞ்சுவதை அளப்பார்கள். மென்று சாப்பிடும் வாயும், வேகமாகவோ மெதுவாகவோ நகரும் குடலும் ஆய்வகக் குழாயில் இல்லை. ஆகவே கீழே நான் தரும் எந்த எண்ணையும் தசமப் புள்ளி வரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிட மட்டும் அவை போதும்.

இந்தப் பெயரை 1982-ல் இங்லிஸ்டும் அவருடைய குழுவினரும் வைத்தார்கள். பின்னாளில் வகை பிரித்தார்கள். தானியம், பயறு ஆகியவற்றின் செல் சுவருக்குள் அடைபட்டிருப்பது முதல் வகை. பச்சை உருளைக்கிழங்கு மாவு, காய் பதத்தில் இருக்கும் வாழை, அமைலோஸ் (மாவின் நேராக நீளும் மூலக்கூறு) மிகுந்த மக்காச்சோளம் ஆகியவற்றில் துகளே கெட்டியாக இருப்பது இரண்டாம் வகை. வெந்து ஆறியபின் திரும்பப் படிகமாவது மூன்றாம் வகை. வேதிமுறையில் மாற்றப்பட்டது நான்காம் வகை. அமைலோஸும் கொழுப்பும் சேர்ந்த கூட்டை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. வீட்டுச் சமையலுக்கு முதல் மூன்றும்தான் முக்கியம், ஏனென்றால் மூன்றும் அழியும் விதம் வேறு வேறு. முதல் வகை அரைத்தால் போய்விடும். இரண்டாம் வகை சூடு பட்டால் போய்விடும். மூன்றாம் வகை சூட்டுக்கு ஓரளவு தாங்கும்.

#3 நுண்ணோக்கி

இதைத் தின்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலன் ஆளுக்கு ஆள் மாறுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

கெட்டியான மாவுத் துகளை உடைக்கும் திறமை மிகச் சில பாக்டீரியாக்களுக்கே உண்டு. அவற்றில் முதன்மையானது ருமினோகாக்கஸ் புரோமியை. பிஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸும் உடைக்கும். இவை உடைத்துப் போடும் சர்க்கரையையும், வெளியே விடும் அசிட்டேட், லாக்டேட்டையும் அடுத்த கூட்டம் எடுத்துக்கொள்கிறது: யூபாக்டீரியம் ரெக்டேல், ஃபேகலிபாக்டீரியம் பிரவுஸ்னிட்ஸியை, அனெரோஸ்டிபீஸ் போன்றவை. பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குவது இந்த இரண்டாம் கூட்டம். பெருங்குடல் உட்சுவர்ச் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 70 சதவீதத்தை, பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அந்தச் செல்கள் அதை எரிக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது. அதனால் குடலின் உள்வெளியில் ஆக்சிஜன் கசிவது குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத சூழல்தான் நல்ல கூட்டத்துக்கு ஏற்றது.

முதல் கூட்டம் இல்லாவிட்டால்? பருமனான ஆண்கள் 14 பேரை வைத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரும்பாலோருக்கு மாவு முழுதும் நொதித்துவிட்டது. ருமினோகாக்கஸ் புரோமியை மிகக் குறைவாக இருந்த இருவருக்கோ மாவு கரையாமல் மலத்திலேயே மிஞ்சியது. ஒரே உணவு, ஒரே அளவு. ஆகவே ஒரு பொருள் சில வாரம் கழிந்தும் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் வேறு வகை மாவுக்கு மாறிப் பார்ப்பதே சரி.

#4 அடுப்படி

செய்முறைக்கு வருகிறேன்.

உருளைக்கிழங்கு: தோலோடு வேகவையுங்கள். கத்தி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் கிழங்கு வெடிக்கக் கூடாது. குழைந்த கிழங்கில் துகள்கள் முற்றிலும் சிதைந்து, மிச்சமிருக்கும் செல் சுவரும் உடைந்துவிடும். நீரை வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஓர் இரவு போதும். 2016-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 100 கிராம் கிழங்குக்கு ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் சூடாக 3.1 கிராம், குளிரவைத்து 4.3, குளிரவைத்துத் திரும்பச் சூடாக்கி 3.5 என்று வந்தது. அதே ஆய்வில் அவித்ததைவிட சுட்டதில் அதிகம்: 2.4-க்கு 3.6. சுடும்போது நீர் குறைவு என்பதால் துகள் முழுமையாக உப்புவதில்லை.

கவனிக்க: பச்சைக் கிழங்கைக் குளிர்பெட்டியில் சேமிக்காதீர்கள். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறும். பிறகு பொரித்தால் கருகி, அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருளும் கூடும். வெந்தபின்தான் குளிர் வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அந்தத் தாளோடு வெளியே விட்டுவைக்கவும் கூடாது. காற்றில்லாத ஈரச்சூட்டில் பொட்டுலிசம் என்ற கடும் உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைத்துவிடும்.

அரிசி: நீள அரிசி எடுங்கள். அதில் அமைலோஸ் அதிகம். ஒட்டும் அரிசியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஆறவைத்தாலும் பெரிய பலன் வராது. உதிரியாக வடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டில் பரப்பி ஆற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பானையோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதுதான் ஆபத்து.

#5 கிணற்றடி

சோற்றை வெளியிலேயே இரவு முழுக்க வைத்தால் இன்னும் மெதுவாக ஆறுமே, அதில் அதிகம் படிகமாகாதா?

#6 உணவுமுறை

வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நச்சைச் சோற்றிலேயே உண்டாக்கிவிடும். மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. மணம், நிறம் எதிலும் மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, 5 டிகிரிக்குக் கீழே வைத்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரே ஒரு முறை, நடுவரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

வெளியே வைப்பதால் கூடுதல் பலனும் இல்லை. இந்தோனேசியாவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வின்படி, 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுடச்சுட 0.64 கிராம், அறை வெப்பத்தில் 10 மணி நேரம் வைத்ததில் 1.30, 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65. பாதுகாப்பான வழியில்தான் எண்ணும் கூடுதலாக வந்திருக்கிறது.

#7 விதைநெல்

உருளைக்கிழங்கு சூடாக்கினால் 4.3-லிருந்து 3.5-க்கு இறங்குகிறது. சோறு சூடாக்கியும் நிலைக்கிறது. இது எப்படி?

#8 மாவுமணி

மாவில் இரண்டு மூலக்கூறுகள் உண்டு. நேராக நீளும் அமைலோஸ், கிளைகள் விட்ட அமைலோபெக்டின். ஆறும்போது அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுக்கமாகச் சேர்ந்து படிகமாகிவிடும். அந்தப் படிகம் உருக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண அடுப்பில் சோறு அவ்வளவு சூடாவதில்லை, ஆகவே அது நிலைக்கும். அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாகப் படிகமாகும். 50, 60 டிகிரியிலேயே இளகியும்விடும். திரும்பச் சூடாக்கும்போது இழப்பது இந்தப் பங்கைத்தான். உருளையில் குளிரவைத்துப் பெற்றதில் இந்தப் பங்கு கணிசமாக இருப்பதால் இறக்கம் தெரிகிறது. உருளைக்கிழங்கைக் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ தின்பதே இதனால் நல்லது. சோற்றைத் தாராளமாகச் சூடாக்கலாம்.

உறையவைக்கும் பெட்டியில் வைத்தால் படிகமாதல் வேகம் குறைந்துவிடும், 4 டிகிரியை ஒட்டித்தான் வேகம் அதிகம். உறையவைக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் இரவு குளிர்பெட்டி, பிறகு உறைநிலை என்று செய்யுங்கள்.

#9 செங்கரும்பு

எல்லாம் சரி, கணக்கைப் பாருங்கள். சோற்றில் 100 கிராமுக்கு 1.65 என்றால், ஒரு நாளைக்கு 15 கிராம் என்ற இலக்கை எட்ட 900 கிராம் சோறு தின்ன வேண்டும். யாரும் அப்படிச் சாப்பிட முடியாது. பச்சை உருளைக்கிழங்கு ஸ்டார்ச் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 8 கிராம் இருக்கிறது. இரண்டு கரண்டி குளிர்ந்த நீரில் கலக்கிக் குடித்தால் வேலை முடிந்தது. 2019-ல் இளம் வயதினர் 174 பேரை வைத்து வந்த ஆய்வில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் எடுத்துக்கொண்டவர்களின் மலத்தில் சராசரி பியூட்டிரேட் கூடியது. இவ்வளவு தெளிவான பலனை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

#10 நுண்ணோக்கி

ஒதுக்கவில்லை. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்: மக்காச்சோள ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சராசரியில் அந்த உயர்வு வரவில்லை. இரண்டுமே இரண்டாம் வகைதான். ஒரே வகைக்குள்ளேயே பொருள் மாறினால் அதை உடைக்கும் பாக்டீரியா மாறுகிறது. ஒரே பொடியை வருடக்கணக்கில் குடிப்பவர் ஒரே கூட்டத்துக்கு மட்டும் தீனி போடுகிறார். கிழங்கு, பயறு, காய்வாழை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பவர் பல கூட்டங்களுக்குக் கொடுக்கிறார். சோறு மட்டும் போதாது என்ற உங்கள் கணக்கு மிகச் சரி. இந்த இழையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். "சோற்றை ஆறவைத்தால் போதும்" என்ற செய்திதான் அதிகம் பரவுகிறது.

#11 மாவுமணி

பொடி எடுக்க நினைப்பவர்கள் கடையில் இரண்டு பாக்கெட்டுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் என்பது கிழங்கிலிருந்து கழுவிப் பிரித்து, குறைந்த சூட்டில் உலர்த்திய தூய வெண்மாவு. விரலால் அழுத்தினால் நறநறக்கும். உருளைக்கிழங்கு மாவு என்று விற்பது பெரும்பாலும் வெந்த கிழங்கை உலர்த்தி அரைத்தது, அதில் இரண்டாம் வகை மிச்சமில்லை. சாதாரண மக்காச்சோள மாவும் இதற்கு உதவாது. அமைலோஸ் மிகுந்த ரகம் தனியாக இருக்கிறது.

பொடி 60 டிகிரி ஒட்டிய சூட்டிலேயே கஞ்சியாகிவிடும். கொதிக்கும் தேநீரிலோ குழம்பிலோ போட்டால் அது வெறும் செரிக்கும் மாவு. தயிர், குளிர்ந்த நீர், ஆறிய கூழ் ஆகியவற்றில் கலக்குங்கள். நீரில் சட்டென்று அடியில் தங்கும், ஆகவே கலக்கியவுடன் குடிக்க வேண்டும்.

#12 அடுப்படி

பயறு வகைகளை யாரும் இன்னும் சரியாகத் தொடவில்லை. என் பார்வையில் அதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும். பயறுகளின் மாவில் அமைலோஸ் பொதுவாக 30 முதல் 40 சதவீதம். செல் சுவரும் தடிமன். வெந்தபின்னும் 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம் வரை நிற்கும்; ஆறவைக்காமலேயே இவ்வளவு. கூடவே மற்ற நார்ச்சத்தும் புரதமும்.

முழுசாகச் சமையுங்கள். மாவாக அரைத்தாலோ வெந்தபின் மசித்தாலோ செல் சுவர் உடைந்து முதல் வகை குறைந்துபோகும். எட்டு முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். காற்று அதிகம் உண்டாக்குவது மாவுச்சத்து இல்லை, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சிறு சர்க்கரைகள். அவை ஊறும் நீரில் கணிசமாக இறங்கிவிடும்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி: ஊறவைத்து நீரைக் கொட்டியபின், குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், 30 நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. அதில் உள்ள பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகை நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரே போட்டால் சூடு 80 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும், நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். கடும் வாந்தி எடுக்கச் சில விதைகளே போதும்.

#13 விதைநெல்

அளவும் வேகமும் பற்றி?

#14 உணவுமுறை

அமெரிக்க மதிப்பீடு ஒன்றில் மக்கள் சராசரியாக நாளைக்கு 5 கிராம் அளவுக்கே எடுக்கிறார்கள் என்று கண்டார்கள். 15 முதல் 20 கிராம் என்பது வீட்டு உணவால் எட்டக்கூடிய நியாயமான இலக்கு. ஒரு நாளைக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: குளிரவைத்த உருளை 200 கிராம், ஏறத்தாழ 8 கிராம். வெந்த பயறு 150 கிராம், 4 அல்லது 5. ஆறவைத்துச் சூடாக்கிய சோறு 200 கிராம், 3 கிராமுக்குச் சற்று மேல். பொடியே இல்லாமல் 15 தாண்டிவிட்டது. சோற்றின் பங்கு எவ்வளவு சிறியது என்பதும் தெரிகிறது.

தொடங்கும்போது இப்போது தின்பதற்கு மேல் 5 கிராம் மட்டும் கூட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வலியோ இறுக்கமோ இல்லாவிட்டால் அடுத்த 5. உப்பல் வந்தால் பாதியாக்கி இன்னொரு வாரம் பொறுங்கள். முதல் சில நாள் காற்று பிரிவது நொதித்தல் நடப்பதன் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை. வலி, வயிற்றுப்போக்கு, இரவில் தூக்கம் கெடுவது ஆகியவை அளவு மீறியதற்கான அடையாளம். ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பதும் உதவும்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாதாரண மாவை எடுத்துவிட்டு இதை வைத்தால் உணவுக்குப் பின் சர்க்கரை முன்புபோல் ஏறாது. மருந்தளவு அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை வரலாம், மருத்துவரோடு பேசிவிட்டுத் தொடங்குங்கள். குடல் அழற்சி நோய் தீவிரமாக இருக்கும்போதும், குடலில் சுருக்கம் இருப்பவர்களும், சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம் கண்டறியப்பட்டவர்களும் தாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

#15 செங்கரும்பு

நோய்த் தடுப்பு அளவில் என்ன நிரூபணம் இருக்கிறது? சர்க்கரை, எடை, புற்றுநோய் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறார்களே.

#16 நுண்ணோக்கி

பிரித்துப் பார்க்க வேண்டும். உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏற்றம் குறைவதை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டிருக்கிறது; 2012-ன் விதிப்படி மொத்த மாவுச்சத்தில் குறைந்தது 14 சதவீதம் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சாக இருந்தால்தான் அந்தக் கூற்றை அச்சிடலாம். செரிக்கும் மாவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கும்போது என்பது அங்கே முக்கியம். தின்பதோடு இதையும் சேர்த்துத் தின்றால் அந்தப் பலன் கணக்கில் வராது.

எடை விஷயத்தில் 2024-ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் 37 பேர் 8 வாரம் நாளைக்கு 40 கிராம் எடுத்துச் சராசரியாக 2.8 கிலோ குறைந்தார்கள், பிஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ் பெருகியதோடு அது ஒத்துப்போனது. சிறிய ஆய்வு, பெரிய அளவு. புற்றுநோயில் காப்2 என்ற ஆய்வை அளவோடு சொல்ல வேண்டும்: லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களுக்கு நாளைக்கு 30 கிராம், சராசரி இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2022-ல் வந்த நீண்டகால முடிவில் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை; மற்ற உறுப்புகளின் புற்றுநோய் குறைந்தது. குடலுக்குத் தீனி, ஆகவே குடல் புற்றுநோய் வராது என்று எழுதுபவர்கள் இந்த முடிவைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இன்னொன்று. மாவு பெருங்குடலின் தொடக்கத்திலேயே நொதித்துத் தீர்ந்துவிடும். கடைசிப் பகுதிக்கு பியூட்டிரேட் குறைவாகவே போகும், அங்கே புரதம் அழுகுவது மிகுதி. கோதுமைத் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது நொதித்தல் கீழ்ப்பகுதி வரை நகர்வதைப் பன்றிகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் கிழங்கையோ பயறையோ தவிடு நீக்காத தானியத்தோடு ஒரே வேளையில் சேர்ப்பது நல்ல பழக்கம்.

#17 கிணற்றடி

காய்வாழை மாவில் கேக் செய்தால் பலன் உண்டா? ரொட்டி?

#18 மாவுமணி

கேக் மாவில் நீர் நிறைய. அடுப்பில் நடுப்பகுதி 90 டிகிரி தாண்டும்போது காய்வாழையின் இரண்டாம் வகை பெரும்பாலும் கஞ்சியாகிவிடும். ஆறியபின் மூன்றாம் வகையாகச் சிறு பங்கு திரும்பும், அவ்வளவுதான். நீர் மிகக் குறைவான பிஸ்கட் மாவில் துகள் உப்பப் போதிய நீர் கிடைக்காது, அங்கே மிச்சம் அதிகம். பச்சையாகவே எடுக்க நினைத்தால் தயிரில் ஒரு கரண்டி கலக்குங்கள். வாழையைப் பழமாகத் தின்பவர்கள் தோல் பச்சை மாறாமல் கெட்டியாக இருக்கும்போதே தின்ன வேண்டும். நன்றாகப் பழுத்ததில் மாவு கிட்டத்தட்ட முழுதும் சர்க்கரையாகியிருக்கும்.

வெள்ளை ரொட்டியை உறையவைத்து, எடுத்து வாட்டினால் சர்க்கரை ஏற்றம் குறைவதாகச் சிறிய ஆய்வு உண்டு. ஆனாலும் பாக்டீரியாவுக்குப் போகும் கிராம் கணக்கில் அதை ஒரு கிண்ணம் பயறோடு ஒப்பிடவே முடியாது. ரொட்டி மாற்றுவதாக இருந்தால் முழுத்தானியம் உடையாமல் பல்லில் தட்டுப்படும் ரகத்துக்கு மாறுங்கள், அதையும் அவசரமாக விழுங்காமல் அளவாக மெல்லுங்கள்.